முன்வரிசை இருக்கை போதாது

மதிப்பிற்குரிய தலைவர் டாலின் எச். ஓக்ஸ் அவர்களுக்கும், பிரதான தலைமையில் அவரோடு பணியாற்றும் ஆலோசகர்களுக்கும், பன்னிரு அப்போஸ்தலர் குழுமத்தினருக்கும்,

வணக்கம்.

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் ஞானஸ்நானம் பெற்ற தமிழ்ப் பெண் நான். கோவையில் ஒரு சிறிய கிளையில் தொடங்கி, இப்போது சால்ட் லேக் பள்ளத்தாக்கின் மேற்குப் பக்கத்தில் உள்ள ஒரு தொகுதியில் (எங்கள் உள்ளூர்ச் சபைக்கு அந்தப் பெயர்) குடும்பத்தோடு வழிபடுகிறேன். பொது மாநாட்டில் நீங்கள் ஆற்றும் உரைகள் எங்களுக்குத் தமிழில் வந்து சேர்கின்றன. அந்தப் பாதையில் எங்கள் பேச்சும் உங்களிடம் வந்து சேரட்டும் என்றுதான் இதைத் தமிழில் எழுதுகிறேன். இந்தச் சபையில் இருக்கும் தமிழர்களும், 'மார்மன்கள்' என்று வெளியிலிருந்து மட்டுமே எங்களை அறிந்த தமிழர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பதும் என் விருப்பம். அந்தப் பெயரால் அழைக்க வேண்டாம் என்று 2018ல் அன்றைய சபைத் தலைவர் நெல்சன் கேட்டுக்கொண்டதை அறிவேன். ஊரில் இன்னும் அந்தப் பெயர் சொன்னால்தான் புரிகிறது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். நம் தொகுதிகளில் பல இனத்தார் அருகருகே உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் சபை வாய் திறந்தால் ஒரே நாட்டின் குரல்தான் கேட்கிறது. ஆட்களைச் சேர்த்துக்கொண்டோம், அவர்கள் கொண்டுவந்த பாட்டையும் நினைவையும் வலியையும் வாசலிலேயே நிறுத்திவிட்டோம்.

சபையை அறியாத வாசகர்களுக்காக ஒரு விளக்கம். மற்றத் திருச்சபைகளில் நல்ல பிரசங்கியார் எங்கே இருக்கிறார், நல்ல பாடகர் குழு எங்கே பாடுகிறது என்று பார்த்துப் பிடித்த ஆலயத்துக்குப் போகலாம். இங்கே அப்படி முடியாது. நீங்கள் குடியிருக்கும் தெரு எந்தத் தொகுதியின் எல்லைக்குள் வருகிறதோ அதுதான் உங்கள் சபை. ஆயர் சம்பளம் வாங்குவதில்லை. பக்கத்துத் தெருப் பல் மருத்துவரோ லாரி ஓட்டுநரோ ஐந்தாறு ஆண்டுகள் ஆயராக இருந்துவிட்டு, பிறகு பின்வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வார். இன்னாரோடுதான் உட்காருவேன் என்று சொல்லும் வசதி யாருக்கும் கிடையாது.

வடக்கன்குளத்தில் ஒரே பீடத்தை நோக்கி இரண்டு கூடங்கள் கட்டி, சாதிவாரியாக மக்களை உட்காரவைத்த கோயிலைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவள் நான். கல்லறைத் தோட்டத்துக்குள்ளும் சாதிச் சுவர் எழுப்பிய ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. ஆகவே எல்லைக்கோட்டை வைத்துச் சபை என்ற இந்த விதியின் அருமை எனக்குத் தெரியும். எங்கள் கோவைக் கிளை மிகச் சிறியது. ஆள் குறைவு என்பதாலேயே அதன் எல்லைக்குள் ஏறக்குறைய ஊர் முழுவதும் அடங்கியது. எந்தத் தெருவிலிருந்து வந்தவரானாலும் ஒரே தட்டிலிருந்து அப்பம் எடுத்தார், ஒரே தட்டிலிருந்து தண்ணீர் எடுத்துக் குடித்தார். எங்கள் ஊரில் அது எவ்வளவு பெரிய காரியம் என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளங்கும்.

அதே விதி யூட்டாவில் வேறு விளைவைத் தருகிறது. இங்கே உறுப்பினர்கள் நெருக்கமாக வாழ்கிறார்கள். ஒரு தொகுதிக்குச் சில தெருக்களே போதும். ஐ-15 நெடுஞ்சாலைக்குக் கிழக்கே மலையடிவாரத்தில் வசதியான வெள்ளையர் வீடுகள். மேற்கே ரோஸ் பார்க், கிளென்டேல், வெஸ்ட் வேலி பகுதிகளில் டோங்கர்களும் சமோவர்களும் மெக்சிகோ வழியினரும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அகதிகளும் எங்களைப் போன்றவர்களும். வீட்டு விலை பிரித்து வைத்ததைத் தொகுதி எல்லை அப்படியே எடுத்துக்கொள்கிறது. கிழக்கே ஒரு குழந்தை பதினெட்டு வயதுவரை ஞாயிறு தவறாமல் சபைக்கு வந்தும், தன் நிறமல்லாத ஓர் ஆசிரியரிடம் வேதம் படிக்காமலே வளர்ந்துவிட முடியும். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததன்று. ஆனால் எல்லைகளை வரைவது சபைதான். பல தொகுதிகள் சேர்ந்த பிணையங்களின் எல்லைகள் அடிக்கடி மாற்றி வரையப்படுகின்றன. அப்போது இதையும் ஒரு கணக்காக எடுத்துக்கொள்ளக் கூடாதா?

எங்கள் கட்டடத்தில் ஞாயிறு காலை மூன்று தொகுதிகள் முறைவைத்துக் கூடுகின்றன. எங்கள் ஆங்கிலத் தொகுதி வெளியேறும்போது டோங்கத் தொகுதி உள்ளே வருகிறது. ஆண்கள் வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியும் அணிந்து, கீழே நம் வேட்டியைப் போன்ற டுபெனுவைக் கட்டி, இடுப்பில் பாய்போல் முடைந்த தஓவலாவைச் சுற்றியிருப்பார்கள். பெரியவர்களிடம் போகும்போது இடுப்பில் அது இல்லாமல் போவது அவர்களுக்கு மரியாதைக் குறைவு. நாங்கள் நடைபாதையில் குழந்தைகளின் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே பாட்டு எழும்பிவிடும். ஆர்கன் துணை தேவைப்படாது. நான்கு குரல்களும் பிரிந்து, தாத்தாவிலிருந்து பேரன்வரை ஒருவர் விடாமல் பாடுவார்கள். எங்கள் தொகுதிப் பிள்ளைகள் கதவருகே நின்று கேட்பார்கள். நாங்கள் கையைப் பிடித்துக் காருக்கு இழுத்துப் போவோம். ஒரே கூரை, ஒரே பாட்டுப் புத்தகம், பத்து நிமிட இடைவெளி. ஆனால் அந்தப் பாட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு கதவு இருக்கிறது.

மொழிவாரித் தொகுதிகளைக் கலைத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அவற்றை உருவாக்குவதும், ஒருமைப்பாட்டின் பெயரால் கலைப்பதும், ஆட்கள் சபைக்கு வருவதை நிறுத்தியபின் மறுபடி உருவாக்குவதும் கடந்த நூறாண்டில் பலமுறை நடந்தாயிற்று. சொந்த மொழியில் அழுது ஜெபிக்க ஓர் இடம் வேண்டும். அங்கே ஓர் ஆச்சி தலைவியாகலாம். ஆங்கிலத் தொகுதியிலோ அவருக்கு நாற்காலிகளை மடக்கும் வேலைதான் கிடைக்கும். எனக்குள்ள குறை வேறு. அந்தத் தொகுதிகளை, 'இவர்கள் ஆங்கிலம் கற்கும்வரை' நடத்தப்படும் காத்திருப்பு அறையாகவே நம் நிர்வாகம் பார்க்கிறது. அங்கே விளைந்த நல்லது எங்களிடம் வருவதற்கு வழியே இல்லை.

எங்கள் தொகுதியில் எனக்கு வரும் அழைப்பு எப்போதும் ஒன்றே. பண்பாட்டு இரவு என்று வைப்பார்கள். சமோசா கொண்டுவர முடியுமா என்று கேட்பார்கள். அன்போடுதான் கேட்கிறார்கள், கொண்டுபோனால் தட்டு உடனே காலியாகிவிடும். கோவையில் சமோசா பேக்கரியில் வாங்குவது. எங்கள் வீட்டில் அதைச் செய்ததே இல்லை. அது பெரிய குறையன்று. ஆனால் சாதி என்ற கொடுமைக்குள் பிறந்தவர்கள் கிறிஸ்துவை எப்படிக் கண்டார்கள், வீட்டார் ஒதுக்கிவைத்தபோது எப்படித் தாங்கினார்கள் என்பதை, சபையின் பெண்கள் அமைப்பான ஒத்தாசைச் சங்கத்தில் ஒரு பாடமாக எடுக்கச் சொல்லி இதுவரை யாரும் கேட்கவில்லை. என் சமையல் அவர்களுக்கு வேண்டியிருக்கிறது. என் விசுவாசத்திடமிருந்து கற்க ஏதாவது இருக்கும் என்று தோன்றவில்லை.

இந்தப் போக்கு இன்று தொடங்கியதன்று. ஜேன் மேனிங் ஜேம்ஸ் என்ற கறுப்பினச் சகோதரியின் கதை உங்களுக்குத் தெரியும். தமிழ் வாசகர்களுக்குத் தெரியாது. 1843ல் கனெக்டிகட்டிலிருந்து குடும்பத்தோடு புறப்பட்டார். பஃபலோவில் நிறத்தைக் காரணம் காட்டிப் படகில் ஏற்ற மறுத்தார்கள். ஏறக்குறைய 800 மைல் நடந்தே, அப்போது சபை மக்கள் கூடி வாழ்ந்த நாவூ நகரை அடைந்தார்கள். செருப்பு தேய்ந்து, பாதம் வெடித்து, நடந்த இடமெல்லாம் இரத்தத் தடம் பதிந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்தின் வீட்டில் வேலைபார்த்தார். 1847ல், முதல் ஆண்டிலேயே யூட்டா வந்து சேர்ந்தவர்களில் அவரும் ஒருவர்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1852ல், ஆப்பிரிக்க வம்சத்து ஆண்கள் ஆசாரியத்துவம், அதாவது சடங்குகளை நடத்தும் அதிகாரம், பெற முடியாது என்று அன்றைய சபைத் தலைவர் பிரிகம் யங் அறிவித்தார். பிறகு கறுப்பின ஆண் பெண் இரு பாலாருக்கும் ஆலயத்தின் (ஞாயிறு கூடும் கட்டடம் வேறு, ஆலயம் வேறு) உயர்ந்த நியமங்கள், அதாவது புனிதச் சடங்குகள், மறுக்கப்பட்டன. இத்தனைக்கும் ஜோசப் ஸ்மித்தின் காலத்திலேயே, 1836ல், எலைஜா ஏபல் என்ற கறுப்பினத்தவர், ஆசாரியத்துவப் பதவிகளில் ஒன்றான மூப்பராக நியமிக்கப்பட்டிருந்தார். ஜேன் தலைவர்களுக்கு மீண்டும் மீண்டும் விண்ணப்பித்தார். 1884ல் தலைவர் ஜான் டெய்லருக்கு அனுப்பிய கடிதத்தில், ஆபிரகாமின் சந்ததியால் பூமியின் எல்லா ஜாதிகளும் ஆசீர்வதிக்கப்படும் என்று தேவன் வாக்களித்தாரே, எனக்கென்று ஓர் ஆசீர்வாதமும் இல்லையா என்று கேட்டார். பத்தாண்டுகள் கழித்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: ஜோசப் ஸ்மித்தின் குடும்பத்துக்கு என்றென்றைக்குமான 'பணியாளாக' அவரை முத்திரித்தார்கள், அதாவது சடங்கால் இணைத்தார்கள். அந்தச் சடங்கு நடந்த ஆலயத்துக்குள்ளும் அவரை விடவில்லை. அவருக்குப் பதிலாக வேறொரு பெண் நின்றார். அதை ஜேன் ஏற்கவில்லை; மீண்டும் விண்ணப்பித்தார். 1908ல் அவர் இறந்தபோது சபைத் தலைவரே அடக்க ஆராதனையில் பேசினார். அவர் கேட்ட நியமம் 1979ல்தான், அவர் சார்பில் வேறொருவர் மூலம் நிறைவேறியது.

இதில் என் மனத்தை விட்டு நீங்காத ஒரு விவரம் இருக்கிறது. முதுமையில் ஜேனுக்கும் அவருடைய சகோதரர் ஐசக்குக்கும், பெரிய கூட்ட அரங்கான சால்ட் லேக் கூடாரத்தில் முன்வரிசைக்கு அருகே இருக்கை ஒதுக்கியிருந்தார்கள். எல்லாரும் அவர்களை மதித்தார்கள். சில நிமிட நடையில் ஆலயம் இருந்தது. அதன் உயர்ந்த நியமங்களுக்கான கதவு அவருக்குத் திறக்கவில்லை. மரியாதை செய்வதற்கும் உரிமை தருவதற்கும் உள்ள தூரம் அவ்வளவு. இன்றைய பண்பாட்டு இரவுகளைப் பார்க்கும்போது எனக்கு அந்த இருக்கைதான் நினைவுக்கு வருகிறது.

அந்தத் தடை எப்படி இயங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். அதை வகுத்ததும் நடத்தியதும் மனிதர்களே என்பது அதில்தான் தெளிவாகிறது. தோலின் நிறம் மட்டும் அளவுகோலாக இருந்திருந்தால் எங்கள் ஊர்க்காரர்களில் பலர் தேறியிருக்க மாட்டார்கள். கோவையைச் சேர்ந்த பால் திருத்துவதாஸ் 1950களில் ஒரு துண்டுப் பிரசுரத்தைப் படித்துச் சபைக்குக் கடிதம் எழுதினார். பல ஆண்டுகள் காத்திருந்து 1965ல் ஞானஸ்நானம் பெற்றார். சபை நூல்களைத் தமிழில் பெயர்த்தார். அவருக்குத் தடை இல்லை. ஃபிஜி மக்களும் தடைக்குள் வர மாட்டார்கள் என்று தலைவர் மெக்கே 1950களில் முடிவு செய்தார். தென்னாப்பிரிக்காவில், வெள்ளையரே ஆனாலும், தம் வம்சாவளியின் ஒவ்வொரு கிளையும் ஆப்பிரிக்காவுக்கு வெளியே தொடங்கியது என்று நிரூபித்தால்தான் ஆசாரியத்துவம் என்றிருந்தது; 1954ல் அவரே அதையும் நீக்கினார். கோடு அங்கும் இங்குமாக நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது.

பிரேசிலில்தான் அந்தக் கோடு முற்றிலும் செயலிழந்தது. தலைமுறை தலைமுறையாக இனங்கள் கலந்த நாட்டில் யார் எந்த வம்சம் என்று எந்த ஆயரால் சொல்ல முடியும்? 1975ல் சாவோ பாலோவுக்கு ஓர் ஆலயம் அறிவிக்கப்பட்டது. தங்களால் உள்ளே நுழைய முடியாது என்று தெரிந்தும் கறுப்பின உறுப்பினர்கள் அதற்குப் பணமும் உழைப்பும் கொடுத்தார்கள். 1972ல் சபையில் சேர்ந்த எல்வேசியோ மார்ட்டின்ஸ் அந்தக் கட்டடத்தின் மக்கள்தொடர்புப் பணியைப் பார்த்தார். 1978 ஜூனில் தலைவர் கிம்பல் தடையை நீக்கினார். அக்டோபர் இறுதியில் அந்த ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. மார்ட்டின்ஸ் 1990ல் பொது அதிகாரியானார், கறுப்பினத்தவரில் முதல்வராக.

கானாவின் கேப் கோஸ்டில் ஜோசப் வில்லியம் பில்லி ஜான்சன், ஊழியக்காரர் யாரும் வருவதற்கு முன்பே, நம் வேதநூல்களில் ஒன்றான மார்மன் புஸ்தகத்தை வைத்துச் சபைகளைக் கட்டி வளர்த்திருந்தார். நைஜீரியாவில் ஆன்டனி ஒபின்னாவும் அப்படியே. ஆண்டுக்கணக்கில் சால்ட் லேக்குக்குக் கடிதம் எழுதிக் காத்திருந்தார்கள். 1978 இறுதியில் ஊழியக்காரர்கள் போய்ச் சேர்ந்தபோது கானாவின் அந்தக் கூட்டங்களில் மேளம் இருந்தது, கைதட்டல் இருந்தது, ஆட்டம் இருந்தது. சபை முறைப்படி அமைந்ததும் மேளம் நின்றது. அந்த மேளத்தோடுதான் அவர்கள் நம் வேதத்தை நம்பினார்கள். யாரும் கேளாமலே, யாரும் அங்கீகரிக்காமலே, பத்தாண்டுக்கும் மேலாக விசுவாசத்தைக் காப்பாற்றினார்கள். அப்படிக் காப்பாற்றிய ஒன்றை வழிபாட்டுக்குப் பொருந்தாது என்று எதைக்கொண்டு தீர்மானித்தோம்? மேளத்தையும் பித்தளை ஊதுகருவிகளையும் திருவிருந்துக் கூட்டத்துக்கு ஒவ்வாதவை என்று கையேடு பல ஆண்டுகள் சொல்லிவந்தது. இப்போது அந்த வரி தளர்த்தப்பட்டு, முடிவு ஆயரிடம் விடப்பட்டிருக்கிறது. நல்ல மாற்றம். ஆனால் அது எத்தனை ஆயர்களுக்குத் தெரியும்? உரக்கச் சொல்லுங்கள்.

தலைவர் ஓக்ஸ் அவர்களே, உங்களிடம் நேராகப் பேச விரும்புகிறேன். 1978 அறிவிப்பின் நாற்பதாம் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில், 2018 ஜூன் 1 அன்று நீங்கள் பேசியதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். மலையிலிருந்த உங்கள் வீட்டில் மகன்களோடு வேலை செய்துகொண்டிருந்தபோது தொலைபேசியில் செய்தி வந்ததையும், மண் மேட்டில் உட்கார்ந்து பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொல்லி மகிழ்ச்சியில் அழுததையும் சொன்னீர்கள். தடைக்கு அந்நாளில் சொல்லப்பட்ட காரணங்களை ஆராய்ந்தும், அவற்றில் ஒன்றுகூட உண்மை என்ற உறுதி உங்களுக்குக் கிடைக்கவில்லை என்றும் சொன்னீர்கள். அந்தப் பேச்சு எனக்கு ஆறுதல் தந்தது. ஆனால் அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், மன்னிப்புக் கேட்பதும் கேட்கச் சொல்வதும் சபையின் வழக்கமில்லை என்று ஒரு பேட்டியில் சொன்னவரும் நீங்கள்தான். அழுத மனிதரின் நெஞ்சு எனக்குப் புரிகிறது. மன்னிப்பு வழக்கமில்லை என்ற வாதம் புரியவில்லை. மனந்திரும்புதலை முதல் நியமங்களில் ஒன்றாகக் கற்பிக்கிற சபை நாம். எட்டு வயதுக் குழந்தையிடமும், தவறு செய்தால் அதை ஒப்புக்கொள், பாதிக்கப்பட்டவரிடம் போய்ச் சொல் என்கிறோம்.

2013 டிசம்பரில் சபை வெளியிட்ட 'இனமும் ஆசாரியத்துவமும்' கட்டுரை முக்கியமானது. கறுப்புத் தோல் தேவ கோபத்தின் அடையாளம், சாபம் என்ற பழைய விளக்கங்களைச் சபை நிராகரிக்கிறது என்று அது வெளிப்படையாகச் சொன்னது. ஆனால் அது இணையத்தில் தேடிப் போகிறவர்களுக்கே கிடைக்கிறது. பிரசங்க மேடையில் ஒலிப்பதில்லை. அதன் விளைவை 2020ல் பார்த்தோம். அந்த ஆண்டு வீடுதோறும் வந்த அச்சுப் பாடநூலில், கருந்தோலைச் சாபமாக விளக்கும் பழைய மேற்கோள் ஒன்று இடம்பெற்றிருந்தது. இணையப் பதிப்பைத் திருத்தினீர்கள். அப்போஸ்தலர் ஸ்டீவன்சன் பொதுமேடையில் வருத்தம் தெரிவித்தார். அச்சான புத்தகங்கள் வீடுகளில் இருந்தன. எங்கள் மகள் அதை வாசித்துவிட்டுத் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் புத்தகத்தை வாங்கி மூடிவைத்துவிட்டு, நீக்ரோக்கள் என்று அந்நாளில் அழைக்கப்பட்டவர்களைப் பற்றியும், மார்மன் புஸ்தகத்தில் வரும், அமெரிக்கப் பூர்வகுடியினரின் முன்னோர் என்று சபையில் சொல்லப்பட்டுவந்த லாமானியர்களைப் பற்றியும் யார் யார் என்னென்ன சொன்னார்கள், அவற்றில் எதைச் சபை கைவிட்டது என்று உட்கார்ந்து விளக்க வேண்டியதாயிற்று. அந்த விளக்கத்தை ஒரு தாயின் தலையில் விட்டிருக்கக் கூடாது.

லாமானியர் என்ற பேச்சு வந்ததால் அமெரிக்கப் பூர்வகுடியினரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1950களிலிருந்து 1990கள்வரை நவஹோ முதலிய குடிகளின் பல்லாயிரம் பிள்ளைகள், பள்ளி ஆண்டு முழுவதும் வெள்ளைக்கார உறுப்பினர்களின் வீடுகளில் தங்கவைக்கப்பட்டார்கள். நல்ல படிப்புக் கிடைத்தது என்று நன்றியோடு பேசுவோர் உண்டு. மொழியையும் தாயையும் இழந்தோம் என்று அழுவோர் உண்டு. அந்த வீடுகளில் கொடுமைக்கு ஆளானோம் என்று நீதிமன்றம் போனவர்களும் உண்டு. அந்தத் திட்டத்தின் பெரிய ஆதரவாளர் ஸ்பென்சர் கிம்பல். அந்த வீடுகளில் வளரும் பிள்ளைகளின் தோல் வெளுத்துவருகிறது என்று 1960 அக்டோபர் மாநாட்டில் மகிழ்ச்சியோடு பேசியவர் அவர். 1978ல் ஆலயத்தில் மன்றாடி, தடையை நீக்கியவரும் அதே மனிதர்தான். ஒரு தீர்க்கதரிசி கற்றுக்கொள்ள முடியும், மாற முடியும் என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி நமக்கு வேண்டுமா? அவர் முன்பு சொன்னதை மறைத்துவிட்டால், அவர் எவ்வளவு தூரம் வந்தார் என்பதையும் சேர்த்து மறைத்துவிடுகிறோம்.

நீங்கள் செய்தவற்றை நான் மறக்கவில்லை. தப்பெண்ணம் நிறைந்த மனப்பான்மையையும் செயலையும் கைவிடுவதில் முன்னிற்குமாறு 2020 அக்டோபரில் தலைவர் நெல்சன் உறுப்பினர்களை அழைத்தார். கறுப்பின மக்களின் மூத்த உரிமை அமைப்போடு 2018 முதல் கைகோத்து நடந்தீர்கள். அதே ஆண்டு, சீன வழிவந்த கெரிட் கோங்கும் பிரேசிலின் யுலிசஸ் சோரெஸும் அப்போஸ்தலர்களானார்கள். ஏப்ரலில் பெங்களூருக்கு ஆலயம் அறிவிக்கப்பட்டபோது மாநாட்டு அரங்கில் எழுந்த வியப்பொலி கோவைவரை கேட்டது என்றே சொல்வேன். உலகெங்கும் 1 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். 1996லிருந்தே பெரும்பான்மையோர் அமெரிக்காவுக்கு வெளியே. ஆனால் 1835ல் தொடங்கிய பன்னிருவர் குழுமத்தில் இன்றுவரை ஒரு கறுப்பின அப்போஸ்தலர்கூட உட்காரவில்லை. ஆப்பிரிக்காவில் சபை இவ்வளவு வேகமாக வளரும்போது அந்த மேசையில் ஆப்பிரிக்கா இல்லை. அழைப்பு தேவனிடமிருந்து வருவது என்று நானும் நம்புகிறேன். எவரெவர் பெயர்கள் உங்கள் கண்ணில் படுகின்றன என்பது நீங்கள் யாரோடு பழகுகிறீர்கள் என்பதையும் பொறுத்தது.

சுவிசேஷப் பண்பாடு என்ற ஒன்றைப் பற்றி நீங்கள் பேசியிருக்கிறீர்கள், தலைவரே. ஒவ்வொரு நாட்டாரும் அதற்கு மாறான தம் வழக்கங்களை விட்டுவிட வேண்டும் என்றீர்கள். ஆப்பிரிக்கர் மணப்பெண்ணுக்குப் பணம் கொடுப்பதை விட வேண்டும், நியாயம். எங்கள் ஊரில் வரதட்சணையும் சாதியும் போக வேண்டும். அதை உங்களைவிட உரக்க நான் சொல்வேன். அப்படியானால் யூட்டாவின் வழக்கங்களை அந்த அளவுகோலில் வைத்துப் பார்ப்பது யார்? ஆர்கனும் கோட்டும் மெல்லிய குரலும் சுவிசேஷத்தோடு வானத்திலிருந்து இறங்கியவை அல்ல. 19ஆம் நூற்றாண்டில் நியூ இங்கிலாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்தவர்கள் கொண்டுவந்தவை. 1853ல் மதராசுக்கு வந்த ரிச்சர்ட் பேலன்டைன், யூட்டாவில் முதல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியவர். அவரும் ஓராண்டில் திரும்பிவிட்டார். அந்நாளைய இந்திய ஊழியத்தில் சேர்ந்து நிலைத்தவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பியர். எங்கள் மக்களின் மொழிக்குள் இறங்காத ஊழியம் எங்கள் மண்ணில் நிற்கவில்லை.

2014 அக்டோபர் மாநாட்டில், பேச்சாளர் தம் தாய்மொழியிலேயே பேசலாம் என்றீர்கள். ஹாங்காங்கின் சி ஹாங் வாங் கான்டனீஸ் மொழியில் பேசினார். அமெரிக்க உறுப்பினர்கள் அன்று முதன்முறையாக எழுத்துவரியைப் படித்துக்கொண்டு, எங்களைப் போல, மொழிபெயர்ப்பில் மாநாடு கேட்டார்கள். அந்த வழக்கம் நிலைக்கவில்லை. திருப்பிக் கொண்டுவாருங்கள். 2024 மே முதல் பகுதி பகுதியாக வெளிவரும் புதிய பாட்டுப் புத்தகத்துக்கு உலகெங்குமிருந்து ஆயிரக்கணக்கான பாடல்கள் வந்தன. எல்லா மொழிகளிலும் ஒரே எண்ணில் ஒரே பாட்டு என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் கறுப்பின உறுப்பினர்களுக்காக 1971ல் சால்ட் லேக்கில் தொடங்கிய ஜெனசிஸ் குழுவின் பாட்டு முறையும் டோங்கர்களின் நாற்குரல் முறையும் அந்தந்த மூலையிலேயே நின்றுவிடாமல் எல்லாத் தொகுதிகளுக்கும் கற்றுக்கொடுக்கப்பட வேண்டும்.

1978 அறிவிப்பு பாடத்திட்டத்தில் நான்காண்டுக்கு ஒருமுறை, டிசம்பரில், பலதாரமணத்தைப் பற்றிய அறிவிப்போடும் விசுவாசப் பிரமாணங்களோடும் சேர்த்து ஒரே வாரத்தில் வருகிறது. கிறிஸ்துமஸ் பரபரப்பில் பாதித் தொகுதிகளில் அது நடப்பதே இல்லை. பழைய ஏற்பாடு படிக்கும் ஆண்டில் காயீனும் காமும் வரும் வாரங்களில், அந்த அதிகாரங்களை வைத்துத்தான் தடையை நியாயப்படுத்தினார்கள் என்று பாடநூலிலேயே எழுதுங்கள். அது தவறு என்றும் எழுதுங்கள். 1978 அறிவிப்புத் தேதியிட்ட ஜூன் 8ஐ ஒட்டிய ஞாயிறன்று ஒவ்வொரு தொகுதியிலும் 2013 கட்டுரையை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் கையொப்பத்தோடு ஒரு பக்கக் கடிதம் போதும், ஆயர்கள் வாசிப்பார்கள். அந்தக் கடிதத்தில், ஜேன் மேனிங் ஜேம்ஸின் விண்ணப்பங்களை மறுத்தது தவறு, அதற்காகச் சபை மன்னிப்புக் கேட்கிறது என்று ஒரு வரி இருக்கட்டும்.

எல்லைகளை அடுத்த முறை மாற்றி வரையும்போதும், ஒரு மொழிவாரிக் கிளையைச் சேர்க்கவோ பிரிக்கவோ நினைக்கும்போதும், பிணையத் தலைவர் முதலில் அந்தக் கிளையின் பெண்களோடும் முதியவர்களோடும் அவர்கள் மொழியில் உட்கார்ந்து பேச வேண்டும் என்று கையேட்டில் சேர்த்துவிடுங்கள். ஒரு கட்டடத்தில் கூடும் தொகுதிகள் ஆண்டுக்குச் சில ஞாயிறுகளாவது ஒன்றாகத் திருவிருந்து எடுக்கட்டும். அன்று பாட்டை டோங்கத் தொகுதி நடத்தட்டும், ஜெபத்தை ஸ்பானியத் தொகுதி ஏறெடுக்கட்டும். எங்கள் கட்டடத்தில் இதைத் தொடங்க ஆயரிடம் நான் கேட்டிருக்கிறேன். மேலிடத்து அனுமதி வேண்டும் என்றார்.

அந்த அனுமதியை எதிர்பார்த்து,

உங்கள் சகோதரி ஒருத்தி
சால்ட் லேக் பள்ளத்தாக்கு, யூட்டா